தராசு, முக்காலி, தாழ்ப்பாள்: 120 அடி டர்ன்டேபிள் ஒன்றை 42 சென்டிமீட்டரில் கட்டியது

டர்ன்டேபிள் என்பது ஒரு வட்டக் குழிக்குள் சுழலும் பாலம்: இன்ஜினை ஏற்றி, திருப்பி, வேண்டிய தடத்தில் இறக்கும். என் மாதிரி ரயிலுக்கு அப்படி ஒன்று கட்டினேன். முதல் சோதனையில் இன்ஜின் பாலத்தில் ஏறியது, இறங்கவில்லை.

ஏறும்போது லேசாக ஒரு தடுமாற்றம் தெரிந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலத்தின் நடுவைத் தாண்டியதும் மொத்தப் பாலமும் ஊஞ்சல் பலகை மாதிரி மறுபக்கம் சாய்ந்தது. வெளியேற வேண்டிய முனை அமுங்கியது. முன்சக்கரங்கள் குழி விளிம்பில் இருந்த தண்டவாள முனையில் முட்டி, ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் ஏறித் தடம் புரண்டன. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், காலிப் பாலம் மட்டமாகவே இருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., இம்மியும் பிசகவில்லை. பாலத்தைத் தாங்கும் உத்திரங்களான கர்டர்களில் ரிவெட் வரிசை, நடைபலகை, கைப்பிடிக் கம்பி எல்லாம் படத்தில் உள்ளபடியே இருந்தன. ஆறு வார வேலை. ஆனால் டர்ன்டேபிள் எதற்காக இருக்கிறதோ அந்த ஒரு காரியத்தை அதனால் செய்ய முடியவில்லை.

அந்தப் பாலத்தைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்று கட்டினேன். இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. முதல் பாலத்தில் நிஜத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். அது எடையை எங்கே இறக்குகிறது, எப்படித் திரும்புகிறது, திரும்பிய இடத்தில் எப்படி அசையாமல் நிற்கிறது என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதில் எடுத்துக்கொண்டேன். என் மேசையில் வந்த ஒவ்வொரு கோளாறும் நிஜ டர்ன்டேபிள் கட்டியவர்கள் சந்தித்துத் தீர்த்துவைத்த கோளாறுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தை வரிசையாக இங்கே பதிவு செய்கிறேன்.

எடுத்துக்கொண்ட நிஜம்

டொராண்டோ நகரில், சி.என். டவரின் காலடியில், ஜான் ஸ்ட்ரீட் வட்ட ஷெட் (ரவுண்ட்ஹவுஸ், இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகை) இருக்கிறது. 1929இல் கனடியன் பசிபிக் ரயில்வே கட்டியது. நடுவில் 120 அடி டர்ன்டேபிள், அதைச் சுற்றி விசிறி போல விரியும் 32 இன்ஜின் கொட்டடிகள். 1986இல் ஷெட்டாக அதன் வேலை முடிந்தது. அதே ஆண்டில்தான் பக்கத்தில் இருந்த கனடியன் நேஷனல் ரயில்வேயின் ஸ்படைனா வட்ட ஷெட்டை இடித்தார்கள். அந்த இடத்தில் இன்று ஒரு விளையாட்டரங்கம் நிற்கிறது. ஜான் ஸ்ட்ரீட் தப்பியது. 1990இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, 2010இல் அங்கே ரயில் அருங்காட்சியகம் திறந்தது. 1942இல் மான்ட்ரியல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் கட்டிய 6213 என்ற பெரிய நீராவி இன்ஜினும் அங்கே நிற்கிறது.

மாதிரி ரயில் கட்டுகிறவர்களில் பலர் 60, 70 அடி டர்ன்டேபிளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இடம் மிச்சமாகும். நான் 120 அடியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அந்த நீளத்தில் ஒரு காலத்தின் கதையே அடங்கியிருக்கிறது. இன்ஜின்கள் வளர வளர டர்ன்டேபிளும் வளர வேண்டியிருந்தது. நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்துத் திருப்பினால்தான் உண்டு. பின்பக்கமாக ஓட்டினால் டிரைவருக்குப் பாதை சரியாகத் தெரியாது, வேகத்தையும் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் யூனியன் பசிபிக் 1941இல் இறக்கிய ‘பிக் பாய்’ இன்ஜின் டெண்டரோடு 132 அடிக்கு மேல் நீளம். அதற்காக 135 அடி டர்ன்டேபிள்கள் போட வேண்டியிருந்தது. ஜான் ஸ்ட்ரீட்டின் 120 அடியைப் பார்த்தால், கட்டியவர்கள் அன்றைய இன்ஜினுக்கு மட்டும் அளவெடுக்கவில்லை, வரப்போகிறதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள் என்று புரியும்.

120 அடி என்றால் 36.58 மீட்டர். எச்ஓ அளவான 1:87க்குக் கொண்டுவந்தால் 420 மி.மீ. இதில் ஒரு மில்லிமீட்டரும் குறைக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். 32 கொட்டடிகளையும் வைக்க அறை போதாது. அதனால் எண்ணிக்கையைக் குறைத்து ஒன்பது வைத்தேன், நீளத்தில் கை வைக்கவில்லை. கொட்டடிகளுக்கு இடையிலான கோணத்தையும் முழு எண்ணாக 10 டிகிரி என்று வைத்துக்கொண்டேன். நான் எடுத்துக்கொண்ட சலுகைகள் இந்த இரண்டு மட்டுமே. பெரிய ஷெட்டின் ஒரு துண்டு என்று பார்த்தால் கண் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பாலத்தையே சுருக்கிவிட்டால், அதன் மேல் பெரிய இன்ஜின் நிற்கும்போது காலணி பற்றாத கால் மாதிரித் தெரியும்.

படத்திலிருந்து அளவு

கட்டுமான வரைபடம் கையில் இல்லாதபோது படங்களிலிருந்துதான் அளவெடுக்க வேண்டும். ரயில் படம் எதுவானாலும் அதற்குள்ளேயே ஓர் அளவுகோல் கிடக்கிறது: தண்டவாள இடைவெளி 1435 மி.மீ. ஆனால் அந்த அளவுகோலை, அது கிடக்கும் அதே தூரத்தில் இருக்கும் பொருளுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். பாலத்தின் அருகு முனையில் இடைவெளி 300 புள்ளிகள் என்றால், தொலை முனையில் 90 புள்ளிகள்தான் இருக்கும். அருகு அளவுகோலால் தொலைவில் உள்ள கைப்பிடிக் கம்பியை அளந்து, முதல் பாலத்தில் அதைப் பொம்மை வேலிபோலக் குட்டையாகச் செய்துவிட்டேன். பிறகு, குழியின் எதிர்ப்பக்கத்திலிருந்து நேர்முகமாக எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கோணத்துக்கு மேலிருந்து எடுத்த படம் உதவும். அடுத்தடுத்த இரண்டு தடங்களின் கோணத்தை அளந்தால் கை நடுக்கமே அரை டிகிரி தின்றுவிடும். பத்து இடைவெளி தள்ளி இருக்கும் இரண்டு தடங்களுக்கு நடுவே அளந்து, பத்தால் வகுக்க வேண்டும். பிழையும் பத்தில் ஒன்றாகிவிடும்.

கோணம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. என் குழியின் ஆரம் 210 மி.மீ. 10 டிகிரிக்கு விளிம்பில் ஒரு தடத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 36.6 மி.மீ. கிடைக்கிறது. தண்டவாள இடைவெளியும் தண்டவாளத் தலைகளும் சேர்ந்து 18 மி.மீ.க்குச் சற்று மேல். ஆக, பக்கத்துத் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றன. இதே 10 டிகிரியை 70 அடி டர்ன்டேபிளில் வைத்தால் 21 மி.மீ.தான் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் நெருக்கினால் தண்டவாளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும், ஒவ்வோர் இடத்திலும் கிராசிங் போட வேண்டியிருக்கும். பெரிய டர்ன்டேபிள் நீள இன்ஜினை மட்டும் ஏற்றுவதில்லை, நிறைய தடங்களைச் சிக்கலில்லாமல் சுற்றி அடுக்கவும் அதுதான் வழிவிடுகிறது.

முதல் பாலம் ஏன் தோற்றது

மூன்று காரணங்கள். முதலாவது எளிதானது: குழியின் சுவரை எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டியிருந்தேன். ஈரம் கூடிய மாதங்களில் பலகை ஊறி, ஒரு பக்கம் உப்பியது. பாலத்துக்கும் சுவருக்கும் நான் விட்டிருந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி அங்கே காணாமல்போனது. பாலம் ஒரே இடத்தில் உரசி நின்றது. சுவரை 6 மி.மீ. அக்ரிலிக்கில் மறுபடி வெட்டினேன், அதோடு அது தீர்ந்தது.

இரண்டாவதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். குழியின் தரையில், சுவரை ஒட்டி ஒரு வட்டத் தண்டவாளம் ஓடும். பாலத்தின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் அதன் மேல் உருளும். என் வட்டத் தண்டவாளத்தின் ஆரம் 195 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 1225 மி.மீ. உயரம் 1.78 மி.மீ. உள்ள தண்டவாளத்தை மூன்று உருளைகளுக்கு நடுவில் விட்டு வளைத்தேன். ஒரே துண்டில் அவ்வளவு நீளம் கிடைக்காததால் இரண்டு இணைப்புகள். நடு அச்சில் தற்காலிகமாக ஒரு கை பொருத்தி, அதன் நுனியில் மேடுபள்ளம் அளக்கும் டயல் கேஜ் மாட்டி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தபோது, இணைப்புகளில் 0.3 மி.மீ. மேடு காட்டியது. அரத்தால் தேய்த்தேன், ஓரளவு குறைந்தது. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் செய்யாது.

என் பாலமோ வளையாத பித்தளை. முனைகளில் நாலு சக்கரம், நடுவில் அச்சு: ஆக ஐந்து இடத்தில் தரையைத் தொட வேண்டிய விறைப்பான பொருள். நாலு கால் நாற்காலியே மேடுபள்ளத் தரையில் ஆடும். ஐந்து கால் என்ன செய்யும்! மேடு வந்த இடத்தில் பாலம் அச்சிலிருந்தே எழும்பிச் சிக்கியது. சிக்காமல் இருக்க நடு அச்சை உயர்த்தினேன். முனைச் சக்கரங்கள் இப்போது தரையைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் மிதந்தன. காலிப் பாலம் வெண்ணெய்போலச் சுற்றியது. இன்ஜின் ஏறியதும் அந்த அரை மில்லிமீட்டரும் ஒரு பக்கம் அமுங்கி, மறுபக்கம் எழும்பியது. ஊஞ்சல் பலகை வந்தது இப்படித்தான். அரை மில்லிமீட்டர் சின்னதாகத் தோன்றும். நிஜ அளவில் அது 4 செ.மீ.க்கு மேல். அவ்வளவு உயரப் படியை எந்த டிரைவரும் ஏற்றிப் பார்க்க மாட்டார். எச்ஓ சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்துவைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சின் ஆழமே 0.64 மி.மீ.தான்.

மூன்றாவது கோளாறு, பாலம் நிற்க வேண்டிய இடத்தில் துல்லியமாக நிற்காதது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தராசு

தெரியாமலேயே நான் கட்டியிருந்தது ஒரு பழைய வகை. ஆரம்பகால டர்ன்டேபிள்கள் தராசுதான். மொத்த எடையும் நடு அச்சில், முனைகள் காற்றில். இன்ஜினை மேலே ஏற்றியதும் டிரைவர் அதை முன்னும் பின்னும் சில அங்குலம் நகர்த்திச் சமன் தேடுவார். டெண்டரில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த இடம் ஒவ்வொரு முறையும் மாறும். தராசு முள் நடுவுக்கு வந்துவிட்டால், நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இன்ஜினை இரண்டு பேர் மரக்கழியைப் பிடித்துத் தள்ளியே திருப்பிவிடலாம்.

அது எவ்வளவு லேசாகச் சுற்றும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையில், இன்று கார்ஸ்டேல் என்று அழைக்கப்படும் நிலையத்தில், 1900இல் ஒரு புயல் நாளில் டர்ன்டேபிள் மேல் நின்ற இன்ஜினைக் காற்றே சுற்ற ஆரம்பித்துவிட்டதாம். குழிக்குள் மணலைக் கொட்டித்தான் நிறுத்தினார்கள் என்பது கதை. அதன்பின் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு டர்ன்டேபிளைச் சுற்றி வேலி எழுப்பினார்கள்.

கர்டரின் வடிவத்தைப் பார்த்தே ஒரு பாலம் தராசு வகையா என்று ஊகிக்கலாம். இரு முனைகளும் நடுவிலிருந்து தொங்குவதால், வளைக்கும் விசை நடுவில்தான் அதிகம். அதனால் கர்டர் நடுவில் ஆழமாக, முனைகளில் மெலிந்து, மீன் வயிறுபோல இருக்கும். இது தெரிந்த பிறகு பழைய படங்களைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. வெறும் அழகு என்று நினைத்த வளைவு ஒரு கணக்கின் விடை.

தராசுக்கு ஒரு சங்கடம் உண்டு. சமன் தேடி முன்னும் பின்னும் நகர, இன்ஜினைவிடப் பாலம் கணிசமாக நீளமாக இருக்க வேண்டும். இன்ஜின்கள் நீண்டபோது அந்த இடம் மிச்சமில்லாமல்போனது. அதற்கு வந்த விடைதான் முனைகளையும் எடை தாங்க வைப்பது: நடு அச்சு ஒன்று, இரு முனைகள் இரண்டு. இனிச் சமன் தேவையில்லை, இன்ஜின் எங்கே நின்றாலும் திருப்பலாம். ஆனால் முனைச் சக்கரங்களில் எடை இறங்கியதால் கையால் தள்ள முடியாது, மின் மோட்டார் வேண்டும்.

முக்காலி

முனைகள் எடை தாங்க வேண்டும் என்றால் என் ஐந்து கால் சிக்கல் அவர்களுக்கும் வந்திருக்கத்தானே வேண்டும்? வந்தது. நூறு அடிக்கு மேல் விட்டமுள்ள வட்டத் தண்டவாளம் ஒருபோதும் கண்ணாடி மட்டமாக இருக்காது, பாரம் ஏற ஏற அடித்தளமும் இறங்கும். தீர்வு இரண்டு விதமாக வந்தது. ஒன்று, கர்டரை ஆழம் குறைத்து, கொஞ்சம் வளைந்துகொடுக்க விடுவது. இன்னொன்று, பாலத்தை நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டு பாதிகளையும் அச்சின் மேல் கீல் போட்டுச் சேர்ப்பது. பாதிப் பாலம் ஒவ்வொன்றும் தன் பக்கத்துத் தரையை நம்பி நிற்கும், அடுத்த பாதியைத் தொந்தரவு செய்யாது.

இதைப் படித்த அன்று இரவே முதல் பாலத்தின் கர்டரை ரம்பத்தால் நடுவில் அறுத்துப் பார்த்தேன். இரண்டு பாதிகளையும் 0.3 மி.மீ. தடிமனும் 20 மி.மீ. அகலமும் உள்ள பாஸ்பர் வெண்கலத் தகடு ஒன்றால் அச்சுக் கட்டையின் மேல் சால்டர் வைத்துச் சேர்த்தேன். இந்தத் தகடு மேலும் கீழும் வளையும், சற்று முறுக்கிக்கொள்ளவும் செய்யும். பக்கவாட்டில் துளியும் வளையாது, அதனால் நடு அச்சு திரும்பும்போது பாலம் முழுதும் ஒன்றாகவே திரும்புகிறது. ஒவ்வொரு பாதிக்கும் இப்போது முனையில் இரண்டு சக்கரம், நடுவில் ஒரு தாங்கல். மூன்று கால். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது!

மேலே ஓடும் தண்டவாளங்களை நான் வெட்டவில்லை. 200 மி.மீ. நீளத்தில் கால் மில்லிமீட்டர் வளைவதைத் தண்டவாளம் தானாகவே பொறுத்துக்கொள்கிறது. அறுத்த பாலத்தை வட்டத் தண்டவாளத்தின் மேல் வைத்து, இணைப்பு மேட்டின் வழியாகக் கையால் மெல்லத் திருப்பினேன். முனை மேட்டில் ஏறி இறங்குவது விரலுக்குத் தெரிந்தது, எதிர்முனை அசையவே இல்லை. இன்ஜினை ஓட்டினேன். ஏறியது, நடுவைத் தாண்டியது, இறங்கியது. அந்தச் சோதனைப் பாலத்தில் அறுத்த தடயமும் சால்டர் கறையும் இருந்ததால் கர்டர்களைப் புதிதாகச் செய்தேன். அமைப்பு அதேதான்.

புதிய கர்டர்களின் மேல் 0.25 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினேன். ரிவெட் தலை நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் அளவு, எச்ஓவில் ஏறக்குறைய 0.4 மி.மீ. மழுங்கிய ஊசியால் ஷீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி எழுப்ப வேண்டும். இதற்குக் குறுக்குவழி உண்டு, ரிவெட் அச்சிட்ட தாள்கள் கிடைக்கின்றன. நான் ஊசியையே விரும்புகிறேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, கையால் எழுப்பிய வரிசையில் ஒரு மெல்லிய உயிரோட்டம் தெரிகிறது.

தாழ்ப்பாள்

இப்போது மூன்றாவது கோளாறு. 210 மி.மீ. ஆரத்தில் பத்தில் ஒரு டிகிரி பிசகினாலே தண்டவாள முனைகள் 0.37 மி.மீ. விலகிவிடும். பிசகு அதில் பாதிக்குள் அடங்க வேண்டும் எனக்கு. பாலத்தைத் திருப்புவது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றை 200 சிறு நகர்வுகளாகப் பிரித்துத் திரும்பும். நேராக அச்சில் மாட்டினால் ஒவ்வொரு நகர்வுக்கும் விளிம்பு 6.6 மி.மீ. தாவும். நடுவில் சுற்றைக் குறைக்கும் 60க்கு 1 வார்ம் கியர் போட்டால் ஒரு சுற்றுக்கு 12,000 நகர்வு, விளிம்பில் ஒரு நகர்வுக்கு 0.11 மி.மீ. கணக்கில் இது போதும்.

கணக்கில் வராதது கியர் பற்களுக்கு நடுவில் உள்ள லூஸ். விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அசைந்தது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கடைசியில் ஒரே திசையில் வந்து நிற்கும்படி நிரல் எழுதினேன். காலிப் பாலம் ஒழுங்காக நின்றது. கனமான இன்ஜின் சற்றே ஓரமாக முட்டி ஏறினால், அந்த லூஸுக்குள் பாலம் நகர்ந்துவிடும். லூஸை ஒழிக்க ஸ்பிரிங் போட்டேன், கியரை நெருக்கி வைத்தேன், மோட்டார் முனக ஆரம்பித்தது. இரண்டு மாதம் இதிலேயே போனது.

நிஜத்தில் இதற்கு என்ன செய்கிறார்கள்? டர்ன்டேபிள் ஓட்டுபவர் பாலத்தை ஏறக்குறைய நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். பிறகு பாலத்தின் முனையில் இருக்கும் இரும்புத் தாழ்ப்பாளைத் தள்ளிக் குழி விளிம்பில் உள்ள துளையில் நுழைப்பார். துல்லியத்துக்குப் பொறுப்பு மோட்டார் இல்லை, தாழ்ப்பாள். நான் முழுத் துல்லியத்தையும் மோட்டாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1.5 மி.மீ. பித்தளைக் கம்பி, நுனியைக் கூம்பாகத் தேய்த்தது. பாலத்தின் வயிற்றுக்குள், கர்டர்களுக்கு நடுவில், குட்டி சர்வோ மோட்டார் ஒன்று இரு முனைகளின் கம்பிகளையும் தள்ளும். குழி விளிம்பில் பித்தளைத் தகடு, அதில் 1.6 மி.மீ. துளை. கூம்பு நுனி துளைக்குள் நுழையும்போதே பாலத்தைச் சரியான இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இழுக்க வேண்டுமானால் பாலம் கொஞ்சம் அசைய வேண்டும். அந்த அசைவுக்கு இடம் கொடுப்பது எது? நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டிய அதே லூஸ். நெருக்கி வைத்த கியரை மறுபடி தளர்த்தினேன், முனகல் நின்றது, பாலம் தாழ்ப்பாளுக்குப் பணிந்து நின்றது. அன்று எனக்குக் கிடைத்த நிம்மதியை எழுதிக் காட்டத் தெரியவில்லை.

வேலையின் வரிசை இங்கே மிக முக்கியம். முதலில் துளைகளைப் போட்டுவிட வேண்டும், தடங்களைப் பிறகு. ஒவ்வொரு துளையிலும் பாலத்தைத் தாழிட்டு, பாலத்தின் தண்டவாளத்தோடு நீளமான இரும்பு அளவுகோலை ஒட்டிவைத்து, அதற்கு நேராகக் கொட்டடித் தடத்தைப் பதிக்க வேண்டும். அப்போது துளை பத்தில் ஒரு டிகிரி தள்ளி விழுந்திருந்தாலும் கவலையில்லை. தடமும் அதோடு சேர்ந்தே தள்ளிப் போயிருக்கும்.

இன்னொரு சோதனையைத் தவறவிடக் கூடாது. பாலத்தை 180 டிகிரி திருப்பி, மறுமுனையை அதே துளையில் தாழிட்டுப் பார்க்க வேண்டும். ரசமட்டத்தைத் திருப்பிவைத்து அதன் நேர்மையைச் சோதிக்கிறோமே, அதே முறைதான். பாலத்தின் தடம் நடு அச்சின் மேல் சரியாகப் போகவில்லை என்றால், ஒரு பக்கம் பார்க்கையில் ஒழுங்காகவே தெரியும். திருப்பியதும் பிழை இரண்டு மடங்காகி முகத்தில் அடிக்கும். எனக்கு 0.4 மி.மீ. காட்டியது. ஆக, உண்மையான விலகல் 0.2. தடங்கள் பதிக்கும் முன்பே இதைப் பார்த்திருந்ததால், பாலத்தின் தண்டவாளத்தை மட்டும் கழற்றி நகர்த்திப் பதிக்க முடிந்தது.

மின்சாரம்

இரண்டு தண்டவாளங்களிலும் எதிரெதிர் மின்முனை ஓடும் மாதிரி ரயிலில், பாலத்தை 180 டிகிரி திருப்பினால் முனைகள் மாறி ஷார்ட் ஆகும். பழைய, நம்பகமான வழி, அச்சைச் சுற்றி நடுவில் பிளந்த பித்தளை வளையம். பிளவு எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். என் ஒன்பது தடங்கள் 80 டிகிரிக்குள் அடங்குகின்றன, வெளியிலிருந்து வரும் தடம் ஐந்தாவது கொட்டடிக்கு நேர் எதிரே. அதனால் பாலம் எந்தத் தடத்துக்கு நின்றாலும் அந்த நடுக்கோட்டிலிருந்து 40 டிகிரிக்குள்தான் நிற்கும். பிளவை நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக வைத்துவிட்டால், பாலம் ஒருபோதும் பிளவின் மேல் ஓய்ந்து நிற்காது, கடந்து மட்டுமே போகும்.

தாழ்ப்பாள் வந்ததும் இது போதவில்லை. சர்வோவுக்கு மூன்று கம்பிகள் வேண்டும். நடு அச்சு 8 மி.மீ. பித்தளைக் குழாய் என்பதால், அதன் வழியாக ஆறு கம்பி ஸ்லிப் ரிங் (சுழன்றாலும் கம்பி முறுக்காமல் மின்சாரம் கடத்தும் இணைப்பு) ஒன்றின் கம்பிகளை மேலே கொண்டுவந்தேன். தண்டவாளத்துக்கு இரண்டு, சர்வோவுக்கு மூன்று, மிச்சம் ஒன்று. மின்முனை மாற்றுவதை டிசிசி (மாதிரி ரயிலின் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை) தானியங்கி மாற்றியிடம் ஒப்படைத்தேன். தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கப் பாலத்தின் அடியில் சிறு காந்தம், குழியின் தரையில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார்.

வேகத்தில் அவசரம் கூடாது. 120 அடிப் பாலத்தின் முனை ஒரு முழுச் சுற்றுக்கு 115 மீட்டர் போகிறது. முனையோடு ஓர் ஆள் சாதாரணமாக நடந்தாலே ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். என் பாலத்துக்கு முழுச் சுற்று இரண்டு நிமிடம் என்று வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் முதலில் பொறுமை இழக்கிறார்கள், பிறகு பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். மோட்டாரின் அதிர்வைக் குழி பறைபோலப் பெருக்கியது. மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்ததும் அடங்கியது.

நிறம்

நிறத்தில் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை, ஒன்றைத் தவிர. குழியின் கான்கிரீட் சாம்பல், சுவரில் நீர் வடிந்த கறை, தடத்தின் நடுவில் எண்ணெய் சொட்டிய கருப்புக் கோடு, முனைகளின் அருகே கரித்தூள், இவற்றை எல்லோரும் நன்றாகவே செய்கிறார்கள். பலர் வட்டத் தண்டவாளம் முழுவதையும் துருநிறத்தில் பூசிவிடுகிறார்கள். எடை தாங்கும் முனைச் சக்கரங்கள் அன்றாடம் உருளும் தண்டவாளத்தின் தலை பளபளவென்று இருக்கும், பக்கங்கள்தான் துரு. தாழ்ப்பாள் நுனியும் அதன் துளையின் வாயும் அப்படியே. அவற்றை நான் பூசவே இல்லை, உரசல் தானாகத் தேய்த்துக்கொண்டது. தராசு வகையில் சக்கரம் எப்போதாவதுதான் தொடும் என்பதால் தண்டவாளத்தின் தலையும் மங்கலாகவே இருக்கலாம். எங்கே மினுக்கம், எங்கே துரு என்று பார்த்தே, எடை எங்கே இறங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

இப்போது ஒன்பது தடங்களிலும், இரு முனைகளாலும், என்னிடம் உள்ளவற்றிலேயே நீளமான இன்ஜினை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டேன். ஆறாவது தடத்தின் துளையில் மட்டும் தாழ்ப்பாள் இரண்டாவது தள்ளலில்தான் நுழைகிறது. துளையின் வாயைச் சற்று அகட்டிக் கொடுக்க வேண்டும். ஸ்லிப் ரிங்கில் மிச்சமிருந்த ஆறாவது கம்பியை டர்ன்டேபிள் ஓட்டுநரின் கூண்டுக்குக் கொண்டுபோய், அரிசிமணி அளவு மஞ்சள் விளக்கு ஒன்றை மாட்டியிருக்கிறேன். தாழ்ப்பாள் முழுதாக நுழைந்தால் மட்டுமே அது எரியும்.